பிள்ளைகளோடு கடல் கடந்த ஒன்பது நாள்

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடல் கடப்பது நம்மவர்க்குப் புதியதொன்றன்று. ஆயினும், திரும்பி வரும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, மகிழ்ந்து வருவதற்கென்றே போவது எமது தலைமுறையிற் பலருக்குப் புதியதே. என் வயதை ஒத்தவர்கள் தத்தம் முதற் பிரயாணத்தைச் சற்றே நினைந்து பார்க்கலாம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி மழையிலும் சேற்றிலும் நடந்த அந்த நடையே என் முதற் பெரும் பயணம். அப்பொழுது எனக்கு வயது பதினான்கு. என் மனைவியின் முதற் பயணம் அதற்கும் ஐந்து ஆண்டுகள் முந்தியது. அதனைப் பின்னர் கூறுவேன். 'பயணம்' என்ற சொல்லைக் கேட்டதும் மூட்டை கட்டுவதையும் கதவைப் பூட்டுவதையும் நினைக்கப் பழகிய நாம், எமது பிள்ளைகளுக்கு அதே சொல்லை வேறு பொருளிலே கற்பிக்க விரும்பினோம். இரண்டு ஆண்டுகள் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, 2025 ஆகஸ்ட் விடுமுறையில் எட்டு வயது மகளோடும் ஐந்து வயது மகனோடும் தமிழகத்துக்குப் போய்வருவதென முடிவாயிற்று.

தடை சொன்னவர் என் தாயார் ஒருவரே. “தம்பி, நல்லூர்க் கொடியேறின பிறகு கடல் கடக்கிறதோ?” என்று கேட்டார். தேருக்கு முன் வந்து சேர்ந்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்த பின்னரே அவர் முகம் தெளிந்தது. என் மனைவியும் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். நாகப்பட்டினம், தஞ்சை, திருச்சி, மதுரை என்று நான் எழுதிய பட்டியலைப் பார்த்து, “எங்கே போனாலும் சரி, இராமேஸ்வரப் பக்கம் மட்டும் இந்த முறை வேண்டாம்” என்றாள். ஏனென்று நான் கேட்கவில்லை; கேட்க வேண்டியிருக்கவுமில்லை.

நான்கு மணிநேரக் கடல்

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 60 கடல் மைல். இவ்விரு துறைகளுக்கும் இடையே 2023 ஒக்டோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றது. பின்னர் 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ நூற்றைம்பது பேர் அமரக்கூடிய சிறிய கப்பல். நான்கு மணிநேரப் பயணம். காலநிலை மாறினாற் சேவை நிற்பதுமுண்டு. ஆதலால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுதல் அவசியம்.

பிள்ளைகள் கடலோரத்திலே பிறந்தவர்களாயினும் கரை கண்ணுக்கு மறையும் கடலைக் கண்டதில்லை. முதல் அரைமணிநேரம் மகன் யன்னலை விட்டு அகலவில்லை. நான்கு புறமும் நீரேயாக நின்றதும் அவன் என் மடியில் ஏறிக்கொண்டு, “அப்பா, கப்பலுக்கு வழி தெரியுமோ?” என்று மெதுவாகக் கேட்டான். திசைகாட்டியைப் பற்றியும் செய்மதியைப் பற்றியும் நான் சொல்லத் தொடங்குமுன், பக்கத்திலிருந்த வயோதிபர் ஒருவர், “அது ஒவ்வொரு நாளும் போய் வாற கப்பல், ராசா” என்றார். அவனுக்கு அந்த விடை போதுமாயிருந்தது. சிறுவர்க்குச் சொல்லும் விடை அவர்களுடைய கைக்குள் அடங்கும் அளவினதாய் இருத்தல் வேண்டும் என்பதை இப்பயணத்தில் முதலில் எனக்கு உணர்த்தியவர் அவரே.

விளக்கேற்றும் வேளையில் நாகப்பட்டினம் சேர்ந்தோம். இராஜராஜ சோழன் காலத்திலே ஸ்ரீவிஜய மன்னரின் ஆதரவோடு சூடாமணி விகாரை எழுந்த துறைமுக நகரம் இது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையினால் தமிழகக் கரையிலே மிகுந்த உயிரிழப்பைக் கண்டதும் இம்மாவட்டமே. அன்றிரவு எமக்கு வேண்டியவை சோறும் படுக்கையுமேயாதலால் நகரைப் பார்க்கவில்லை.

உணவுச்சாலையிலே ஒரு சிறிய வேடிக்கை நிகழ்ந்தது. மகள் பரிமாற வந்த இளைஞனிடம், “எனக்கு உறைப்பு வேண்டாம்” என்றாள். அவன் திகைத்து நின்று, “உறைப்புன்னா என்ன பாப்பா? நீங்க கேரளாவா?” என்றான். நான் வாய் திறக்குமுன் என் மனைவி, “காரம் இல்லாமல் கொண்டு வாங்க தம்பி” என்று அவ்வூர் வழக்கிலேயே கூறிவிட்டாள். மகன் இடியப்பத்துக்குச் சொதி கேட்டுத் தேங்காய்ப்பாலைப் பெற்றான். அதில் சீனி இருந்ததனால் முறையிடவுமில்லை. மகளோ தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்களுக்கு எப்படி அந்தச் சொல் தெரியும்?”

“முந்தி ஒருக்கால் வந்தனான்.”

“எப்ப?”

“பிறகு சொல்லுறன், பிள்ளை.”

எட்டு வயதுப் பிள்ளையிடம் 'பிறகு' என்று சொல்வது கடன்சீட்டு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அடுத்து வந்த ஒவ்வொரு நாளும் அவள் அதனை எடுத்து நீட்டினாள்.

பெரிய கோயிலும் சிறிய கால்களும்

தஞ்சையில் இரண்டு இரவுகள் தங்கினோம். பெருவுடையார் கோயிலைப் பற்றிப் படித்திராத தமிழர் இலர். இராஜராஜன் எழுப்பி 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இக்கோயிலின் விமானம் 216 அடி உயரமுள்ளது. யுனெஸ்கோ நிறுவனம் 1987இல் இதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. நம்மவர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. இக்கோயிலுக்கு நிவந்தமாக விடப்பட்ட ஊர்களைக் கூறும் கல்வெட்டுகளிலே ஈழமண்டலத்து ஊர்களும் இடம்பெறுகின்றன. சோழர் படை வென்ற நாட்டின் விளைச்சலும் இத்திருமுற்றத்துக்கு வந்து சேர்ந்தது என்பது அதன் பொருள். பெருமையையும் வருத்தத்தையும் ஒருங்கே தரும் செய்தி அது.

பிள்ளைகளுக்கு இவையெல்லாம் எம்மாத்திரம்? ஒரே கல்லிற் செதுக்கப்பட்ட, 12 அடி உயரமுள்ள, நாயக்கர் காலத்து நந்தியின் முன் மகன் நெடுநேரம் நின்றான். “இந்த மாடு ஏன் எழும்பேல்லை?” என்பது அவன் கேள்வி. பின்னர் அணில்களைத் துரத்தப் போய்விட்டான். மகளுக்கு வாய்த்தது வேறு. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அருகே ஒருவர் தம் கூட்டத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பலரும் நம்பிவரும் கூற்று அது. அவள் எழுந்து போய், காலைச் சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் முற்றத்தின் மீது நீண்டு கிடந்த பெருநிழலைக் கண்டு, அதன் விளிம்பிலே அடிமேல் அடி வைத்து நடந்து அளந்தாள். நூற்றுக்கு மேல் எண்ணிய பின் கணக்குத் தவறிவிட்டது. “நிழல் இருக்குதுதானே, அப்பா?” என்றாள். “இருக்கிறது” என்றேன். நிழல் விழுவதனால் அக்கோயிலின் பெருமை ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளின் பின் ஒரு சிறுமி தன் பாதங்களால் அளந்து பார்க்கும் நிழலைத் தருவது ஒரு கட்டடத்துக்குச் சிறப்பே.

காலை ஒன்பது மணிக்கு மேல் அம்முற்றத்துக் கல் சிறுவர் பாதம் தாங்காது. ஆதலால் விடியற்காலையிலும் மாலையிலுமே அங்கு சென்றோம், நண்பகலில் உறங்கினோம். இரண்டாம் நாள் மாலை, தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்கினோம். அடி உருண்டையாகவும் பாரமாகவும் அமைந்திருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடும். மகன் அதனை நாற்பது முறையேனும் சாய்த்துப் பார்த்திருப்பான்.

ஆறு கண்ட பிள்ளைகள்

தஞ்சையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியிலே கல்லணையில் இறங்கினோம். காவிரியின் நீரைக் காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரித்து, மிகுவதைக் கொள்ளிடத்தில் விடும் இடம் அது. கரிகாற் சோழன் கட்டியதென்பது மரபு. மணற்படுகையின் மேல் பெருங்கற்களை இட்டு ஆற்றை மறித்த அந்தப் பழைய முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பொறியியலாளர் ஆதர் கொட்டன் வியந்து ஆராய்ந்து, தம் அணைகளுக்குப் பயன்படுத்தினார். அணையின் மேல் இன்று பாலமும் மதகுகளும் உள்ளன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியிலே மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரில் ஆறாயினும் உப்பேரி. எமது பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஒன்றில் கடல், அல்லது கிணறு. கடல் எல்லார்க்கும் பொது, ஆனாற் குடிக்க உதவாது. கிணறு குடிக்க உதவும், ஆனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் வீடும் வேலியும் பங்குரித்தும் உண்டு. இந்த இரண்டையும் மட்டுமே அறிந்த பிள்ளைகள், நல்ல தண்ணீர் கரைபுரண்டு நிலத்தின் மேல் ஓடுவதைக் கண்டு பேச்சற்று நின்றார்கள். அன்று மதகுகள் திறந்திருந்தன. நுரைத்து வீழும் நீரின் ஓசையிலே உரத்துக் கதைக்க வேண்டியிருந்தது.

“அப்பா, இந்தத் தண்ணி ஆருடையது?” என்று மகள் கேட்டாள்.

சிரிக்கத் தோன்றியது, பின்னர் சிரிக்க முடியவில்லை. அக்கேள்வியைத்தான் கருநாடகமும் தமிழகமும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வழக்காடின. அதற்கென 1990இல் ஒரு நடுவர் மன்றம் அமைந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் இறுதித் தீர்ப்பளித்தது. அவளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “மேலே இருப்பவர்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கீழே விடவேண்டும்; கீழே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும்” என்றேன். “அப்ப பங்குக் கிணறு மாதிரி” என்றாள். சட்டத்தரணிகள் பல தொகுதிகளில் எழுதியதனை நமது ஊர்ப் பிள்ளை மூன்று சொல்லில் அடக்கிவிட்டாள்.

திருச்சியில் ஒரு காய்ச்சல்

அன்றிரவு திருச்சியிலே மகனுக்குக் காய்ச்சல் கண்டது, வாந்தியும் இருந்தது. வெளியூரிலே பிள்ளைக்குச் சுகயீனம் வந்தால் தாய் தந்தையர் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. விடுதிக் காவலாளி காட்டிய சிறிய மருத்துவ நிலையத்துக்கு ஓட்டோவிற் சென்றோம். வைத்தியர் ஓர் இளம் பெண். பொறுமையாகப் பார்த்து, அஞ்சத்தக்கதாக ஒன்றும் இல்லை, ஒருநாள் ஓய்வும் உப்புச் சீனிக் கரைசலும் வேண்டும் என்றார். என் மனைவி கைப்பையிலிருந்து எமது நாட்டு ஜீவனிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். வைத்தியர் அதனை வாங்கி வாசித்து, “இதேதாங்க, இதையே கொடுங்க” என்று புன்னகை செய்தார்.

மறுநாள் முழுவதும் விடுதி அறையிலே கழிந்தது. மலைக்கோட்டை யன்னலூடாகத் தெரிந்தது. மாலையிற் காய்ச்சல் தணிந்து, மகன் உறங்கியபோது, என் மனைவி அவன் தலைமாட்டில் இருந்தவாறே பேசத் தொடங்கினாள்.

“எனக்கும் இந்த நாட்டிலைதான் ஒருக்கால் பெரிய காய்ச்சல் வந்தது. மண்டபத்திலை. அம்மாவிடம் காசில்லை. முகாமுக்கு வெளியிலை இடியப்பம் விற்கிற மனுசி ஒருத்தி ஒவ்வொரு நாளும் கஞ்சி கொண்டுவந்து தந்தவ. அவவின்ரை பேர் எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் அந்தப் பக்கம் நினைக்கிறபோது தகரக் கொட்டிலும் வரிசையும்தான் ஞாபகம் வரும். இண்டைக்குத்தான் அந்தக் கஞ்சி ஞாபகம் வந்தது.”

சற்றுப் பொறுத்து, “மதுரை வேண்டாம். நேரே இராமேஸ்வரத்துக்குப் போவோமே” என்றாள்.

“நீர் யோசித்துத்தான் சொல்லுகிறீரோ?” என்று கேட்டேன்.

“பிள்ளை என்னைவிட்டு வைக்க மாட்டாள். எங்கையோ ஒரு அறையிலை வைத்துச் சொல்லுறதைவிட அந்த இடத்திலை வைத்துச் சொல்லுறது நல்லது.”

மறுநாட் காலை, தாயையும் மகனையும் ஓய்வெடுக்க விட்டு, மகளும் நானும் மலைக்கோட்டையின் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறி உச்சிப்பிள்ளையாரை வணங்கினோம். மேலே நின்று பார்த்தபோது காவிரி ஒரு வெள்ளித் தகடுபோற் கிடந்தது. அதற்கப்பால் 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராஜகோபுரம் தோன்றியது. அடுத்த நாள் விடியற்காலையிற் புகையிரதம் ஏறினோம்.

பாம்பனைத் தாண்டி

புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, இராமநாதபுரம் எனப் போகும் அப்பாதையிலே நிலம் வரவர வரண்டு, பனைகள் பெருகி, ஈற்றில் எமது ஊரே வந்துவிட்டதோ என்று ஐயுறும்படியாகிறது. “அப்பா, வீட்டுக்கோ போறம்?” என்று மகன் கேட்டதில் வியப்பில்லை. மண்டபத்தைப் புகையிரதம் தாண்டும்போது என் மனைவி யன்னற்பக்கம் திரும்பி இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

பின்னர் பாம்பன் பாலம் வந்தது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்திலே 2022 டிசெம்பரோடு புகையிரத ஓட்டம் நின்றது. அதன் அருகே அமைந்த புதிய பாலம் 2025 ஏப்பிரல் 6ஆந் திகதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் நீளம். கப்பல்கள் செல்வதற்காக நடுவில் 72.5 மீற்றர் நீளமுள்ள ஒரு பகுதி நேர்செங்குத்தாக மேலே எழும். இருபுறமும் கடல், கீழும் கடல். காய்ச்சல் தெளிந்த மகன் கைகொட்டி ஆர்ப்பரித்தான். நிந்தித்துப் பார்ப்பார் எவருமில்லை. பெட்டியிலிருந்த பெரியவர்களும் யன்னல்களுக்கு ஓடினார்கள்.

இராமேஸ்வரக் கோயிலின் வெளிப் பிராகாரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களோடு நீண்டு செல்வது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தம்மைச் சேதுகாவலர் என்று கூறிக்கொண்டதும், தம் நாணயங்களிலே 'சேது' என்று பொறித்ததும் இத்தலத்தோடு அவர்களுக்கிருந்த உறவைக் காட்டும். எமது பிள்ளைகளுக்கோ அங்குள்ள இருபத்திரண்டு தீர்த்தங்களே பெரும் விழாவாயின. கிணற்றின் மேல் நின்று வாளியால் அள்ளித் தலையிலே ஊற்றுகிறார்கள். கிணறு அறிந்த பிள்ளைகளாதலால், ஒவ்வொரு தீர்த்தத்தையும் நாவிற்பட வைத்து, “இது நன்னீர்”, “இது கொஞ்சம் உவர்” என்று மகள் தீர்ப்புக் கூறிக்கொண்டு போனாள். மகனுக்குக் கையளவு தெளித்ததோடு நிறுத்தினோம்.

தனுஷ்கோடியில்

மறுநாள் தனுஷ்கோடிக்குப் போனோம். 1914இலிருந்து இங்கிருந்தே தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. கொழும்பிலே புகையிரதம் ஏறியவர் கடலை ஒரு கப்பலாற் கடந்து, மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னையில் இறங்கிய காலம் அது. என் பாட்டனாரும் அவ்வழியே சிதம்பரம் போய்வந்தவர். 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயல் இவ்வூரையும், ஊரை நோக்கி வந்த புகையிரதம் ஒன்றையும் அதிலிருந்தோரையும் அழித்தது. அதன் பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களிற் போர் தொடங்கியபோது அதுவும் நின்றது. இன்று இடிந்த தேவாலயச் சுவர்களும் சில கட்டட எச்சங்களும் மணலில் நிற்கின்றன. 2017இலிருந்து தார்வீதி அரிச்சல்முனை வரை செல்கிறது. அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்.

முனையிலே, மனைவி மகளைக் கைப்பிடித்து நீர்விளிம்பு வரை கூட்டிச் சென்றாள். நான் மகனோடு சற்றுப் பின்னே நின்றேன். காற்று எம் பக்கமாக வீசியதால் சொற்கள் கேட்டன.

“அந்தப் பக்கம்தான் மன்னார். எனக்கு ஆறு வயது. ஊரிலை சண்டை. இரவு வள்ளத்திலை வெளிக்கிட்டனாங்கள். விடிய முன்னம் ஒரு மணற்றிட்டியிலை இறக்கிவிட்டுட்டு வள்ளம் போட்டுது. சுத்திவரக் கடல். அம்மம்மாவிடம் ஒரு கேத்திலும் ஒரு சாமிப் படமும் இருந்தது. வெயில் ஏறின பிறகு இந்தக் கரையிலை இருக்கிற மீன்பிடிகாரர் வந்து ஏத்திக்கொண்டு போனவை. பிறகு இரண்டு வருசம் மண்டபத்திலை இருந்தனாங்கள். உன்ரை வயதிலைதான் திரும்பி வந்தனான்.”

இவ்வளவே அவள் சொன்னது. வள்ளம் புறப்படுமுன் ஊரில் நிகழ்ந்தவற்றைச் சொல்லவில்லை. அவை எட்டு வயதுக் கைக்கு அடங்குவன அல்ல. ஆனாற் சொன்னவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மகள் நெடுநேரம் கடலைப் பார்த்தாள். “பயந்தனீங்களோ, அம்மா?”

“ஓம்.”

“கேத்திலுக்குள்ளை தண்ணி இருந்ததோ?”

“இருந்தது. அதைத்தான் எல்லாருக்கும் ஒவ்வொரு மிடறு தந்தவ.”

அதனைக் கேட்டதும் மகளுக்கு நிம்மதி உண்டாயிற்றுப் போலும். தம்பியை அழைத்துக்கொண்டு சிப்பி பொறுக்கப் போனாள். என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு, சேலைக் கரையை உயர்த்தி, முழங்காலளவு நீரிலே இறங்கி நின்றாள். விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கு அவ்வாறுதான் நின்றார்கள்.

மண்டபத்துத் தேநீர்க் கடை

திரும்பும் வழியில் மண்டபத்திலே தேநீர் அருந்த இறங்கினோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை மருத்துவப் பரிசோதனைக்காகத் தங்கவைத்த இடமே இம்முகாம். போர்க்காலத்தில் அங்கிருந்து வந்தோர் இங்கே தங்கினர். தமிழக அரசு 2021இல் இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போதும் சிலர் கடல் கடந்து இங்கு வந்தனர். தமிழகம் எங்கணுமுள்ள முகாம்களில் இன்றும் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அவர்களிற் பலர் அங்கேயே பிறந்தவர்கள். முகாம் உல்லாசப் பயணிகள் பார்க்கும் இடமன்று. நாம் உள்ளே செல்ல முயலவுமில்லை.

கடை வாங்கிலே இருந்த மூதாட்டி ஒருவர் எம் பிள்ளைகள் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினார். “எந்த இடம், பிள்ளை?” என்று என் மனைவியைக் கேட்டார். “மன்னார், அம்மா” என்றாள். அவர் எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. “அங்கை மழையோ?” என்று மட்டும் கேட்டார். “இல்லை அம்மா, இன்னும் இல்லை” என்றாள் இவள். “ஐப்பசியிலைதான் பெய்யும்” என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். மகன் தன் பிஸ்கற் பொட்டலத்தை நீட்ட, ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினார். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாகப்பட்டினம் சேரும்வரை அந்த வினாவே என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

போக எண்ணுவோர்க்குச் சில வார்த்தைகள்

சிறு பிள்ளைகளோடு முதன்முறை போக எண்ணும் அன்பர்களுக்கு எமது அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறலாம். ஓர் ஊரில் இரண்டு இரவுகளேனும் தங்குங்கள். நாளுக்கோர் ஊராக ஓடினாற் பிள்ளைகளுக்கு எஞ்சுவது வாகன இருக்கை மட்டுமே. காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நண்பகலில் உறக்கம் என்ற ஒழுங்கு பெரியவர்க்கும் நன்று. கோயில்கள் பல நண்பகலிலே நடை சாத்தப்படுவதனால் இவ்வொழுங்கினால் இழப்பு ஒன்றுமில்லை. கொதித்தாறிய நீரும், ஜீவனியும், காய்ச்சல் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். எளிதிற் கழற்றக்கூடிய செருப்பே போதும், சப்பாத்து வேண்டாம். பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்து ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். காய்ச்சல் வந்தாலும் உதவும், வராவிட்டாலும் உதவும். பிள்ளைகள் எதனை நோக்கி நிற்கிறார்களோ அதனருகே நீங்களும் சற்று நில்லுங்கள்.

இன்னொன்று. எமது தலைமுறையிற் பலருக்கு அக்கரையிலே ஏதேனும் ஒரு பழைய நினைவு இருக்கக்கூடும். அதனைப் பிள்ளைகளிடம் முற்றாக மறைக்கவும் வேண்டாம்; முழுச் சுமையையும் அவர்கள் தோளில் ஏற்றவும் வேண்டாம். அவர்கள் கேட்கும் அளவுக்கு, கேட்கும் இடத்தில், உள்ளதைச் சொல்லுங்கள். எஞ்சியதை அவர்கள் வளர்ந்து வந்து கேட்பார்கள்.

தேருக்குச் சில நாட்கள் இருக்க வீடு வந்து சேர்ந்தோம். அப்பம்மாவின் முன் தலையாட்டிப் பொம்மை இருபது தரம் சாய்ந்து நிமிர்ந்தது. புதிய சீட்டு ஒன்றில் இப்போது சேர்ந்திருக்கிறோம். விட்டுப்போன மதுரைக்குப் போகவேண்டும் என்று மகன் சொல்கிறான். மகளோ மன்னாருக்குப் போய் அந்த வள்ளம் புறப்பட்ட கரையைப் பார்க்கவேண்டும் என்கிறாள். மன்னாருக்குக் கடவுச்சீட்டும் வேண்டியதில்லை, சீட்டுப் பணம் கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வருகிற மார்கழி விடுமுறையில் அங்கே போவதென்று அவளுடைய தாயும் சம்மதித்திருக்கிறாள்.